மனை கோலுதல்: கொச்சியில் கட்டட அனுமதி வளர்ந்த வரலாறு

மட்டாஞ்சேரிக்கு முதன்முறை வரும் உறவினரை நாம் வழக்கமாக அழைத்துச் செல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று டச்சு அரண்மனை என்று வழங்கும் பழைய கோவிலகம். மற்றொன்று அதன் அண்டையில், அரண்மனைக் கோயிலோடு ஒரு மதிலைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் பரதேசி யூதர் தொழுகைக் கூடம். சீனத்து நீலத் தரையோடுகளையும் தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் கண்டு வியந்து திரும்புவோர் பலர். ஆயின் அத்தொழுகைக் கூடத்தார் வழிவழியாகப் பேணிவந்த செப்பேட்டைப் பற்றிக் கேட்பவர் சிலரே. புலம்பெயர்ந்து வந்து ஓரூரில் சுவர் எழுப்பிக்கொண்ட குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஆவணம் அது.

கி.பி. 1000-ஆம் ஆண்டை ஒட்டியது என வரலாற்றறிஞர் எம். ஜி. எஸ். நாராயணன் கணித்த அச்செப்பேடு, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் வீற்றிருந்தபோது யோசேப்பு இரப்பான் என்னும் யூத வணிகர் தலைவருக்கு வழங்கியது. எழுத்து வட்டெழுத்து, மொழியோ நம் பழந்தமிழுக்கு மிக அணுக்கமானது. 2017-ஆம் ஆண்டு நம் தலைமையமைச்சர் இசுரேல் சென்றபோது இதன் படியொன்றைப் பரிசாகக் கொண்டு சென்றார் என்பதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். எழுபத்திரண்டு விடுபேறுகளை மன்னன் அளித்தான் என்று அது கூறுகிறது. வீடுபேறு என்றதும் நம் பெரியோர் பிறவியினின்று விடுதலை பெறுவதையே நினைப்பர். செப்பேடு கூறும் விடுபேறோ சுங்கத்தினின்றும் வழக்கத் தடைகளினின்றும் பெறும் விடுதலை. அரசு எழுத்தராகிய நமக்கு இதுவும் ஒருவகை முத்தி என்றே தோன்றும்!

அவ்விடுபேறுகளுள் பல்லக்கும் குடையும் பகல்விளக்கும் உள்ளன. அவற்றோடு இடுபடி என்றும் தோரணம் என்றும் இரண்டு சொற்கள் வருகின்றன. இடுபடி என்பதற்கு வாயில் என்று அறிஞர் பொருள் கொள்வர். தன் இல்லத்திற்கு வாயில் அமைத்துக்கொள்ளவும் அதன்மேல் தோரணம் எடுத்துக்கொள்ளவும் மன்னன் ஆணை வேண்டியிருந்தது என்பதே இதன் கருத்து. நாட்டுடையார் பலர் அச்செப்பேட்டில் சான்றாகப் பெயர் பொறித்துள்ளனர். கொச்சிப் பகுதியில் இன்று நம் கைக்கு எட்டும் கட்டட அனுமதிகளுள் மிகப் பழையது இது எனல் மிகையாகாது.

இவ்வழக்கம் சேரநாட்டிற்கு மட்டும் உரியதன்று. சோழர் செப்பேடுகளில் ஓர் ஊரைப் பிரமதேயமாகக் கொடுக்கும்போது, சுட்ட செங்கல்லால் மாடமும் மாளிகையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமை தனியே எழுதித் தரப்பெறும். கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிற் கல்வெட்டொன்று இன்னும் நெஞ்சை உறுத்துவது. வெங்கால நாட்டுக் கம்மாளர்க்குக் கோனேரின்மைகொண்டான் அளித்த உரிமைகளை அது பட்டியலிடுகிறது: நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். ஊரார்க்கெல்லாம் மாடம் எடுத்துக் கொடுத்த கைகள், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச ஆணைக்குக் காத்திருந்தன. நெடுநல்வாடையில் நண்பகல் நிழல் நோக்கித் திசை குறித்து, கயிறிட்டு அளந்து, அரண்மனை வகுக்கும் நூலறிவாளரை நக்கீரர் காட்டுகிறார். அளக்கும் கலை அன்றே முதிர்ந்திருந்தது. ஆனால் அனுமதி கொடுப்போர் அளவைக் கேட்டிலர். கட்டுபவன் யார் என்றே கேட்டனர்.

இதே கேள்வியைக் கொச்சி மன்னர் போர்த்துகீசியரிடமும் கேட்டார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1503-இல் அவர்கள் இங்கு எழுப்பிய கோட்டையும் சிறு கோயிலும் மரத்தாலானவை. கல்லும் சாந்தும் ஓடும் கொண்டு கட்டுவது அரசர் மனைக்கும் தேவர் கோயிலுக்குமே உரியது என்பது நாட்டு வழக்கு. 1505-இல் வைசிராயாக வந்த பிரான்சிஸ்கோ டி அல்மெய்டா மன்னரிடம் வேண்டி, கல்லாற் கட்டும் இசைவைப் பெற்றார். அதன் பயனாக 1516-இல் கல்லாலான கோயில் முடிவுற்றது. இன்று கோட்டைக் கொச்சியில் புனித பிரான்சிசு தேவாலயம் எனப் பெயர் தாங்கி நிற்பது அதுவே. பீரங்கியும் கப்பற்படையும் உடையவனும் ஓடு வேய மனுச் செய்துகொள்ள வேண்டியிருந்த காலம் அது! அம்மனு நெடுநாள் மனுவாக இருந்ததில்லை என்பதும் உண்மை. ஐம்பது ஆண்டிற்குள், 1555-ஐ ஒட்டி, அதே போர்த்துகீசியர் கொச்சி மன்னருக்கே மட்டாஞ்சேரியில் அரண்மனை கட்டிக் கொடுத்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைச் செப்பனிட்டமையால் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டியவர் பெயர் போய்ச் செப்பனிட்டவர் பெயர் நிலைத்தது ஒரு வேடிக்கை.

டச்சுக்காரர் காலத்தில்தான் துணி வெளுக்கும் தமிழர் குடும்பங்கள் கொச்சிக்குக் கொண்டுவரப்பெற்றன என்பது வழிவழிச் செய்தி. கோட்டைக் கொச்சி வெளியில் இன்றும் அவர்தம் வழியினர் கல்தொட்டிகளில் துணி துவைப்பதைக் காணலாம். அங்கே அவர்கள் நிழலில் நின்று தொழில் செய்ய ஓடு வேய்ந்த கூடம் ஒன்றைப் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. அவ்வாணையமே 1976-இல்தான் தோன்றியது. தலைமுறை பலவாக ஒரு நகரின் அழுக்கை வெளுத்தவர்க்கு ஒரு கூடம் எழ அத்தனை காலம் ஆயிற்று.

அனுமதியின் கேள்வி மாறியது நெருப்பினால். ஆங்கிலேயர் 1795-இல் கொச்சியைக் கைக்கொண்டு, 1806-இல் பழங் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தனர். அதன்பின் இச்சிறு நிலப்பரப்பு இரு அரசுகளின்கீழ் அமைந்தது. கோட்டைக் கொச்சி ஆங்கிலேயருடையது. சில தெருக்கள் தள்ளி மட்டாஞ்சேரி கொச்சி மன்னருடையது. சென்னை மாகாணச் சட்டத்தின்கீழ் 1866-இல் கோட்டைக் கொச்சியில் நகராட்சி அமைந்தது. மட்டாஞ்சேரிக்கும் எறணாகுளத்திற்கும் 1896-இல் மன்னர் நகரவைகளை ஏற்படுத்தினார். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில், 1889 சனவரி 4-ஆம் நாள், சந்திரபானு என்னும் கப்பலில் பற்றிய தீ கரைக்குத் தாவியது. பண்டகசாலைகளும் நூற்றுக்கணக்கான வீடுகளும் எரிந்தன. தேங்காய் எண்ணெயும் கயிறும் கொப்பரையும் குவிந்த ஊர்; ஓலைக் கூரைகள் தோளோடு தோள் உரசும் சந்துகள். தீக்கு வேறென்ன வேண்டும்? அதன் நினைவாக நிறுத்திய தூணைக் கடற்கரைப் பக்கம் செல்வோர் இன்றும் காணலாம்.

தீ குலம் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை. அடுத்த கூரை எத்தனை அடி தள்ளி உள்ளது என்பதொன்றையே கேட்கும். நகராட்சிச் சட்டங்களும் அதையே கேட்கத் தொடங்கின. 1920-ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டத்தை எடுத்துப் பார்ப்போர்க்கு இது விளங்கும். எளிதில் தீப்பற்றும் பொருளால் கூரையோ சுவரோ அமைக்க அனுமதி வேண்டும். மனையின் படமும் கட்டடத்தின் படமும் மனுவோடு தரவேண்டும். வேலை நடக்கும்போது அதிகாரி உட்புகுந்து பார்வையிடலாம். தஞ்சைக்கும் மதுரைக்கும் எந்தச் சட்டமோ அதுவே 1956 வரையில் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கோட்டைக் கொச்சிக்கும் சட்டம். தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்த நம் பாட்டனார்க்கு மொழி புதிது, மழை புதிது. நகராட்சி மனு மட்டும் பழகியதாக இருந்திருக்கும்.

அச்சட்டத்தில் எழுத்தர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய ஏற்பாடு ஒன்றுண்டு. மனுவின்மீது குறித்த நாளுக்குள் ஆணை பிறப்பிக்கப் பெறாவிடின், மனுதாரர் மன்றத்திற்கு எழுதலாம். அதன்பின்னும் ஒரு திங்கள் வாளாவிருந்தால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். 1994-ஆம் ஆண்டுக் கேரள நகராட்சிச் சட்டத்திலும் இவ்வேற்பாடு தொடர்கிறது. கோப்பு உறங்கும் என்பதைச் சட்டம் இயற்றியவர் நன்கறிந்திருந்தனர். உறங்கும் கோப்பினால் குடிமகன் வாடக்கூடாது என்று கருதியது நல்லதே. ஆனால் கோப்பு உறங்கும்போது மனையைப் பார்க்க வேண்டியவரின் கண்ணும் உறங்கிவிடுகிறதே, அதற்குச் சட்டத்தில் மருந்தில்லை.

1967 நவம்பர் 1-ஆம் நாள் கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எறணாகுளம் மூன்றும் ஒன்றாகிக் கொச்சி மாநகராட்சி ஆயிற்று. பின்னர் 1984, 1999, 2019 என்று விதிகள் தடித்துக்கொண்டே வந்தன. அவற்றை ஈண்டு விரிப்பது வீண். விதி மலிந்த இக்காலத்தும் நம் நெஞ்சைச் சுட்ட நிகழ்ச்சிகளையே சொல்லவேண்டும். 2004 சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளியொன்றின் அடுக்களையில் எழுந்த தீ கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. கீற்றுக் கூரைக்கு அனுமதி வேண்டும் என்று சட்டம் எழுதி எண்பத்து நான்கு ஆண்டுகள் சென்றபின் நேர்ந்தது அது. 2014 சூன் 28-ஆம் நாள் மாலை மழையில், சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு அடுக்குக் கட்டடம் தரையோடு அமர்ந்தது. மாண்டவர் 61 பேர். பெரும்பாலோர் பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர். அதாவது நம்மைப் போன்று ஊர்விட்டு வந்தவர். அனுமதி வாங்கித்தான் அக்கட்டடம் எழும்பியது. தூண் தாங்குமா, மண் தாங்குமா என்ற கேள்விக்குத் தாளில் விடை இருந்தது, மண்ணில் இல்லை. அதன் இணைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் நாள் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அத்தகைய வெடியோசையை நாமும் நம் ஊரருகே கேட்க நேரும் என்று அன்று நினைத்திலோம். மட்டாஞ்சேரிக்குக் கிழக்கே காயல்களைக் கடந்தால் மரடு. 2006-இல் அது ஊராட்சி. 2010-இல்தான் நகராட்சி ஆயிற்று. அவ்வூராட்சி காயற்கரையில் அடுக்குமாடிகள் எழுப்ப அனுமதி வழங்கியது. கரையோர நிலத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதை வகுக்கும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991 பிப்ரவரி முதல் நடப்பிலிருந்தது. அதன்படி கடலோர மேலாண்மை ஆணையத்தின் இசைவு இன்றியமையாதது. அவ்விசைவு பெறப்பட்டிலது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. உயர்நீதிமன்றம் கட்டியோர் பக்கம் நின்றது. 2019 மே 8-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இடித்தகற்றுமாறு ஆணையிட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்களின் வீடுகள் அவை. ஓய்வூதியப் பணத்தில் வாங்கியவரும் வளைகுடாவில் உழைத்த பணத்தில் வாங்கியவரும் அவருள் இருந்தனர். கட்டில், அலமாரி, சாமிப்படம், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக மின்தூக்கியில் இறக்கியதைத் தொலைக்காட்சியில் கண்டோம். வீட்டார்க்கு இடைக்கால இழப்பீடாக இருபத்தைந்து இலட்சம் ரூபாய் வரையில் வழங்க ஆணையாயிற்று. 2020 சனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் நான்கு குடியிருப்புகளும் வெடிவைத்து வீழ்த்தப்பெற்றன. சில நொடிகள், பிறகு காயலின்மேல் வெண்புழுதி.

இச்செய்தியில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. வாங்கியவர் கையில் தாள் இல்லாமல் இல்லை. முத்திரையிட்ட அனுமதி இருந்தது, பதிவுப் பத்திரம் இருந்தது, வரிச்சீட்டு இருந்தது, வங்கிக் கடனும் கிடைத்திருந்தது. கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவேண்டிய ஒருவர் உரிய நாளில் கரையில் நின்று கேட்டிலர். சேர மன்னன் செப்பேட்டில் சான்றிட்ட நாட்டுடையார் வெறும் கையொப்பக்காரர் அல்லர். அவரவர் நாட்டில் அவ்வாணையைக் காத்து நடத்தவேண்டியவர். இன்றைய கையொப்பங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பின்னால் நிற்கும் ஆள்தான் தென்படுவதில்லை. நாமும் நாள்தோறும் கையொப்பமிடும் தொழிலினர் ஆதலின் இதனைக் கூசியே எழுதுகிறோம்.

மட்டாஞ்சேரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரண்மனை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010-இல் திருத்திய சட்டப்படி பாதுகாக்கப்பெற்ற சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர்க்குள் புதிதாகக் கட்டுதல் கூடாது; அதற்கப்பால் 200 மீட்டர்வரை கட்டுப்பாடு. பழைய வீட்டைச் செப்பனிடவும் தனி இசைவு வேண்டும். மழைக்காலத்தில் உத்தரம் உளுத்து ஓடு சரியும் வீட்டில் இருப்பவர்க்கு இது எத்தகைய துன்பம் என்பதை வெளியூரார் அறியார். ஆயினும் அத்தடை இல்லாதிருந்தால் யூதத் தெரு இன்று யூதத் தெருவாக இராது என்பதும் மெய். இரண்டில் எது பெரிது என்று எம்மைக் கேட்டால், உத்தரம் மாற்றும் மனுவை ஒரு மழைக்காலத்திற்குள் முடித்துக்கொடுக்கும் வரையில் தடை நியாயமே என்போம்.

இனி எம் இல்லத்துச் செய்தி. எழுதாமல் விடலாமே என்று முதலில் எண்ணினோம். எம் தந்தையார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, பசார் சாலையில் மிளகு மண்டியொன்றில் கணக்கெழுதியவர். வாழ்நாள் சேமிப்பில் மட்டாஞ்சேரிச் சந்தொன்றில் இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும் கொண்ட ஓட்டு வீட்டை வாங்கினார். 1994-இல் எம் பாட்டியார் ஊரிலிருந்து வந்து உடன் தங்க, அடுக்களை போதவில்லை. சந்துப் பக்கமாகச் சுவரை நகர்த்தி ஓர் அடுக்களை கட்டினார். கட்ட அனுமதி கேட்டாரில்லை. கேட்கவேண்டும் என்று அவர் அறிந்தே இருந்தார். நாலு பேர் செய்வதுதானே என்றார்.

பின்னொரு நாள் வரி அளக்க வந்தவர் நாடாவை நீட்டினார், அடுக்களையையும் அளந்தார். அனுமதியின்றிக் கட்டியதென எண்ணுக்கு முன் இரண்டு எழுத்து சேர்த்துக் கூடுதல் வரி விதிக்கப்பெற்றது. தந்தையார் அதில் மனநிறைவே கொண்டார். அரசாங்கமே வரி வாங்கிக்கொண்டபின் யார் என்ன சொல்ல முடியும் என்பது அவர் கணக்கு. வரிச்சீட்டுகளை ஆண்டுவாரியாகக் கோத்துத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அக்கூடுதல் வரி கட்டடத்தை முறைப்படுத்தாது, அது எவ்வுரிமையும் தராது என்று சட்டம் தெளிவாகக் கூறுகிறது. மைய அரசு அலுவலகத்தில் பல்லாண்டு கோப்புப் புரட்டிய நாமும் தந்தையார் காலமாகும்வரை அவ்விதியைத் திறந்து பார்த்திலோம்.

2018-இல் தங்கையின் திருமணத்திற்காக வீட்டின்மேல் கடன் கேட்டபோது வங்கி பொறியாளர் ஒருவரை அனுப்பியது. வீட்டின் வரைபடம் எங்கே என்றார். தகரப் பெட்டியை எடுத்துவந்தோம். சீட்டுகளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது நீங்கள் கொடுத்ததற்குச் சான்று, அவர்கள் கொடுத்ததற்கு ஒரு தாள் வேண்டுமே" என்றார். பிறகு நில அளவைப் படத்தை வைத்து அளந்ததில், அடுக்களைச் சுவர் ஒன்றரை அடி பொதுச் சந்திற்குள் நின்றது. முறைப்படுத்தும் மனு என்று ஒன்றுண்டு. ஆனால் பிறர் நடக்கும் வழியில் நிற்கும் சுவரை எந்த மனுவும் முறைப்படுத்தாது. இருபத்து நான்கு ஆண்டுகள் அவ்வழியே தலைச்சுமையோடு உடல் ஒருக்களித்துச் சென்ற அயலார் எவரும் எம்மீது புகார் எழுதியதில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கொத்தனாரை அமர்த்தி நாமே இடித்தோம். வெட்டுக்கல் சுவர், இரண்டு நாளாயிற்று. அன்னையார் அவ்விரு நாளும் அடுத்த வீட்டில், சேராநல்லூர்க்காரர் அடுப்பில் சமைத்தார். பிறகு தாழ்வாரத்தின் ஒரு பகுதியை அடைத்து அடுக்களையாக்க மனுக் கொடுத்தோம். வந்த ஓவர்சியர் இளைஞர். மழையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ்வாரத்தில் ஏறி, பழைய உத்தரத்தைச் சாவியால் குத்திப் பார்த்தார். சாவி பாதிவரை உள்ளே போயிற்று. அடுக்களை பிறகு, முதலில் இதை மாற்றுங்கள், தலையில் விழும் என்றார். தந்தையார் அந்த உத்தரத்தின்கீழ் நாற்காலி போட்டு அமர்ந்துதான் நாள்தோறும் செய்தித்தாள் படிப்பது வழக்கம்.

2021 முதல் சிறு வீடுகளுக்குக் கட்டுவோரும் பொறியாளருமே சான்றளித்து அனுமதி பெறும் முறை கேரளத்தில் வந்துள்ளது. 2024 சனவரி முதல் மனுக்களும் கணினி வழியே செல்கின்றன. அலையவேண்டியதில்லை, காத்திருக்கவேண்டியதில்லை என்று இளைஞர் மகிழ்கின்றனர், மகிழ்ச்சி நியாயமானதே. சென்ற ஆண்டு பக்கத்துச் சந்தில் வீடு கட்டிய நண்பர், அனுமதி கைப்பேசியிலேயே வந்துவிட்டது என்று காட்டினார். பார்க்க யாரேனும் வந்தார்களா என்று கேட்டோம். எதற்கு வரவேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

எம் வீட்டுச் சந்தில் பழைய சுவர் நின்ற இடத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று இன்னும் தெரிகிறது. அன்னையார் அதற்கு உட்புறமாக, எம் எல்லைக்குள், இரண்டு வாழைக்கன்று நட்டிருக்கிறார். இலை சந்துப் பக்கம் சாய்ந்தால் நாள்தோறும் கட்டிவைக்கிறார்.